கதையே இல்லாத மாதிரி ஒரு படம்: ஆண் எஸ்கார்ட்களைப் பற்றிய அமைதியான படங்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து அவ்வப்போது படம் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறோம். பெரிய அமைப்பு எல்லாம் இல்லை. ஒரு புரொஜக்டர், கடன் வாங்கிய ஸ்பீக்கர், முப்பது நாற்காலி. பணத்துக்காக உடம்பையும் நேரத்தையும் கொடுக்கிற ஆண்களைப் பற்றிய படங்களை வரிசையாகப் போட்டபோது ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக. கதையின் முடிவுகளும் பேச்சில் வந்துவிடும், அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தப் படங்களைச் சொல்கிறீர்கள்?

முக்கியமாக நாலு. கஸ் வான் சான்ட் எடுத்த ‘மை ஓன் பிரைவேட் ஐடஹோ’ (1991). கமீய் விதால்-நக்கே எடுத்த பிரெஞ்சுப் படம் ‘சொவாஜ்’ (2018). சோஃபி ஹைட் இயக்கிய ‘குட் லக் டு யூ, லியோ கிராண்ட்’ (2022). இந்த மூன்றுக்கும் தாத்தா ஸ்தானத்தில் ஜான் ஷ்லெசிங்கரின் ‘மிட்நைட் கவ்பாய்’ (1969). கடைசியாகச் சொன்னது சின்ன பட்ஜெட்டில் சுயாதீனமாக எடுக்கிற இன்டி படம் இல்லை, பெரிய கம்பெனி வெளியிட்டது. ஆனாலும் மற்ற மூன்றும் பேசுகிற பேச்சை முதலில் பேசியது அதுதான் என்பதால் சேர்த்துக்கொள்கிறோம்.

ஒரு மணி நேரம் ஆகியும் கதையே ஆரம்பிக்கவில்லையே?

ஆரம்பித்துவிட்டது. நாம்தான் வில்லன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் படங்களின் விஷயம் காமம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். விஷயம் வேலை. நிற்பது, பேரம் பேசுவது, தெரியாத ஆள் வண்டியில் ஏறுவது, ஓர் அறை, காசு, மறுபடியும் வந்து நிற்பது. ‘சொவாஜ்’ படத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் ஓரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு சாலை வருகிறது. இளைஞர்கள் அங்கே நிற்கிறார்கள், சிகரெட் கேட்கிறார்கள், யார் குறைந்த ரேட்டுக்குப் போகிறான் என்று சண்டை போடுகிறார்கள். எந்தத் தொழிலிலும் இருக்கிற சண்டைதான். லேபர் ஸ்டாண்டில் காலையில் நிற்கிறவர்களைக் கவனித்தவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று புரியும்.

வேலையைப் பற்றிய படத்தைப் பார்க்க நமக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) நம் ஊரில் எடுத்ததுதானே? பாட்டு இல்லை, சண்டை இல்லை. சிமென்ட்டும் கடனும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதும்தான் அங்கே நாடகம். அடுத்த செலவுக்குக் காசு எங்கே இருந்து வரும் என்று நாமும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குப் போடுகிற மனதோடு இந்தப் படங்களுக்கு வந்தால் போதும், ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற குறை பாதி போய்விடும்.

மீதிப் பாதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு காட்சியிலும் காசைக் கவனியுங்கள். முதலிலேயே கொடுக்கிறார்களா, முடிந்த பிறகா? கையில் கொடுக்கிறாரா, மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாரா? அவன் எண்ணிப் பார்க்கிறானா? ‘மிட்நைட் கவ்பாய்’ படத்தில் ஜோ பக் டெக்சாஸிலிருந்து கவ்பாய் தொப்பியும் பூட்ஸுமாக நியூயார்க் வந்து இறங்குகிறான். பணக்காரப் பெண்கள் தனக்காக வரிசையில் நிற்பார்கள் என்று நம்பிக்கை. முதல் பெண்ணிடம் எல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கிக் கூலி கேட்கிறான். அவள் ஆத்திரப்பட்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள். கடைசியில் இவன்தான் அவளுக்கு இருபது டாலர் கொடுத்துவிட்டு வருகிறான். அவனுக்கு அந்தத் தொழில் வராது என்பதை வசனமாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

அவன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தான் என்று சொல்லவே இல்லையே?

எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அப்பா குடிகாரர், அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கைக்குக் கல்யாணம் என்று ஒரு ஃபிளாஷ்பேக் காட்டினால் அவனை மன்னிக்கத் தயார், இல்லாவிட்டால் தயாரில்லை என்பதுதான் அது. நம் சினிமா அறுபது எழுபது வருடமாக இதே வழக்கத்தில் நம்மைப் பழக்கியிருக்கிறது. தப்புத் தொழில் செய்கிற ஹீரோவுக்கு இடைவேளைக்குப் பிறகு ஒரு கண்ணீர்க் காரணம் வந்தே தீரும்.

‘சொவாஜ்’ அதைத் தரவே இல்லை. நாயகனுக்கு வயது இருபத்திரண்டு. எந்த ஊர், யார் பெற்றோர், எதுவும் தெரியாது. அவன் பெயரைக்கூடப் படத்தில் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காரணம் கிடைக்காததால் நாம் அவனை இப்போது என்ன செய்கிறான் என்று மட்டும்தான் பார்க்க முடிகிறது. வயதான ஒரு வாடிக்கையாளர் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தால் போதும் என்கிறார், இவனும் முழு மனதோடு கட்டிப்பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிரியம் நடிப்பா நிஜமா? பின்கதை இருந்திருந்தால் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டோம், ‘பாவம்’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்போம்.

‘ஐடஹோ’ வேறு மாதிரி. அதில் மைக் (ரிவர் ஃபீனிக்ஸ்) தன் அம்மாவைத் தேடிப் போகிறான், பழைய ஹோம் மூவி போல நினைவுகள் வெட்டி வெட்டி வருகின்றன. காரணம் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அவனுக்கு நார்கோலெப்ஸி, நினைத்த நேரத்தில் தூக்கம் அடித்துப் போட்டுவிடும் வியாதி. மனம் தாங்காத இடம் வரும்போதெல்லாம் அப்படியே சரிந்து விழுந்துவிடுகிறான். கண் விழிக்கும்போது வேறு ஊர், வேறு ஆள். தன் கதையையே முழுதாகப் பார்க்க முடியாதவன் நமக்கு எப்படிக் காரணம் சொல்வான்?

படுக்கையறைக் காட்சிகள் எவ்வளவு இருக்கும்? வீட்டில் பார்க்கலாமா?

‘சொவாஜ்’ வெளிப்படையான படம், பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் தனியாகப் பார்ப்பது நல்லது. வன்முறையாக நடத்தப்படுகிற ஒரு காட்சி பார்க்கக் கஷ்டமாக இருக்கும், எழுந்து போனால் தப்பில்லை. ‘லியோ கிராண்ட்’ பெரும்பாலும் பேச்சுதான், ஆனால் கடைசியில் நிர்வாணம் உண்டு. ‘ஐடஹோ’வில் கஸ் வான் சான்ட் ஒரு விசேஷமான வேலை செய்திருக்கிறார். உறவுக் காட்சிகளில் நடிகர்கள் அசையாமல் போஸ் கொடுத்து நிற்க, கேமரா அவர்களைச் சிலைகள் மாதிரி காட்டிவிட்டு நகர்ந்துவிடும். கிளர்ச்சியும் இல்லை, மூடி மறைப்பதும் இல்லை. இந்த விஷயத்தில் அதைவிட நாகரிகமான தீர்வை நான் பார்த்ததில்லை.

வீட்டு ஹாலில் பார்ப்பதில் இன்னொரு பிரச்சினை, சத்தம். இந்தப் படங்களில் பலவற்றில் பின்னணி இசை குறைவு, பாதி விஷயம் மூச்சிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் இருக்கிறது. அடுப்படியில் மிக்ஸி ஓடினால் போச்சு. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

நடிகர் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நிற்கிறார். இதற்கா விருது?

ரிவர் ஃபீனிக்ஸுக்கு ‘ஐடஹோ’வுக்காக 1991இல் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது. ‘சொவாஜ்’ நாயகன் ஃபெலிக்ஸ் மரிதோவுக்கு 2018இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் வளரும் நடிகருக்கான விருது. ஆக, எங்கோ யாருக்கோ பட்டிருக்கிறது. நமக்கு ஏன் படவில்லை?

இந்தத் தொழிலே நடிப்பு கலந்தது. வருகிறவருக்கு எது வேண்டுமோ அதுவாக அரை மணி நேரம் இருக்க வேண்டும். அப்படியென்றால் நடிகர் நடிக்கிற ஒருவனை நடிக்க வேண்டும், கூடவே அவன் எப்போது நடிப்பை நிறுத்துகிறான் என்பதையும் நமக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்ட வேண்டும். கத்தி அழுது நடித்தால் இந்த இரண்டாவது விஷயம் காணாமல் போய்விடும்.

‘சொவாஜ்’ தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு டாக்டர் அறை. இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். உடம்புக்கு என்ன என்று டாக்டர் விசாரிக்கிறார், சட்டையைக் கழற்றச் சொல்லித் தொட்டுப் பார்க்கிறார். கை கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் கை போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. அப்போதுதான் நமக்கு உறைக்கிறது, இவர் டாக்டரே இல்லை, வாடிக்கையாளர், இது அவர் கேட்டு வாங்கிய நாடகம். சரி, ஒரு ஏமாற்று வித்தை என்று விட்டுவிடுவோம். ஆனால் படத்தின் பின்பகுதியில் அவன் நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் ஒரு நிஜ டாக்டரிடம் போகிறான். பெண் டாக்டர். அதே மாதிரி தொட்டுப் பார்க்கிறார், அக்கறையாக நாலு வார்த்தை கேட்கிறார். அவன் அப்படியே அவர் மேல் சாய்ந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறான். அவர் விலக்கவில்லை. ஒரே தொடுதல், ஒன்றுக்கு அவனுக்குக் கூலி, இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. மரிதோவின் தோள் அந்த இரண்டு அறையிலும் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வசனத்தில் இதைச் சொல்ல முயன்றிருந்தால் அசிங்கமாகப் போயிருக்கும்.

‘ஐடஹோ’வில் இதற்கு ஈடான இடம் வெட்டவெளியில் கழிகிற ஓர் இரவு. மைக்கும் ஸ்காட்டும் (கியானு ரீவ்ஸ்) நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்காட் போர்ட்லண்ட் மேயரின் மகன், தெருவுக்கு வந்தது ஒரு வீம்புக்காக, இருபத்தோரு வயதானால் சொத்து வரும். காசு வாங்கினால்தான் ஆண்களோடு படுப்பேன் என்கிறான் அவன். காசு வாங்காமலும் தன்னால் ஒருவரை நேசிக்க முடியும் என்று மைக் சொல்கிறான், முகத்தைப் பார்க்காமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அந்தக் காட்சியின் வசனத்தை ஃபீனிக்ஸே திருத்தி எழுதினார். மொத்தப் படத்திலும் காசு பேசப்படாமல் ஒருவன் இன்னொருவனிடம் எதையாவது கேட்பது அங்கே மட்டும்தான்.

அப்படியென்றால் இவை தன்பாலீர்ப்பைப் பற்றிய படங்களா?

சில ஆம், சில இல்லை. மைக் ஆணை நேசிக்கிறான். ஸ்காட்டுக்கு அது தொழில் மட்டும், பின்னால் ஓர் இத்தாலியப் பெண்ணோடு போய்விடுகிறான். லியோ கிராண்டிடம் வருவது ஒரு பெண். ஜோ பக் பெண்களைத் தேடி வந்து, வேறு வழியில்லாமல் ஆண்களிடம் போகிறான். யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அவன் யாரை விரும்புவான் என்று சொல்லிவிட முடியாது. ‘அவன் கேயா, இல்லையா, ஒரு பதில் சொல்லுங்கள்’ என்று சிலர் பிடிவாதமாகக் கேட்பார்கள். படம் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடலாம், தேர்வு ஒன்றும் எழுதப் போவதில்லை.

‘லியோ கிராண்ட்’ ஏன் எங்கள் அம்மாவுக்கும் பிடித்தது?

இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

நான்சி (எம்மா தாம்ஸன்) ஓய்வு பெற்ற டீச்சர். பள்ளியில் மதபோதனை வகுப்பு எடுத்தவர். கணவர் இறந்துவிட்டார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு முறைகூடத் தனக்குச் சுகம் என்று ஒன்று கிடைத்ததில்லை என்று தெரிந்து, ஹோட்டல் அறை போட்டு லியோவை (டேரில் மெக்கார்மக்) வரவழைக்கிறார். இரண்டாவது சந்திப்புக்குச் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறார். வாத்தியார் புத்தி! எங்கள் திரையிடலில் பின் வரிசையிலிருந்து முதலில் சிரித்தது ரிட்டையர்டு டீச்சர்கள் இரண்டு பேர்.

படம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஓர் அறை, இரண்டு பேர், நாலு சந்திப்பு. நான்சி வாங்குவதில் பெரும் பகுதி பேச்சுதான் என்பது போகப் போகத் தெரிகிறது. தன் உடம்பை யாராவது அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், தான் சொல்வதை யாராவது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். இது நம் வீடுகளிலும் பல பெண்களுக்கு வாய்க்காத விஷயம். அதனால்தான் அம்மாக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்கார்ட் கதை அவர்களுக்கு ஒரு சாக்கு.

லியோவை விட்டுவிடக் கூடாது. அவன் தன் அம்மாவிடம் கடலில் எண்ணெய் ரிக்கில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறான். கேட்டதும் அரங்கில் ஒரு சலசலப்பு. வெளியே தெரியக் கூடாத வேலைக்குக் ‘கப்பல்ல இருக்கான்’ என்று சொல்கிற வழக்கம் நமக்கும் உண்டே. லியோ என்பதும் தொழிலுக்கு வைத்துக்கொண்ட பெயர். நான்சி அவனுடைய நிஜப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவன் அம்மாவோடு பேசட்டுமா என்கிற அளவுக்குப் போகிறார். அதுவரை அத்தனை மென்மையாக இருந்தவன் வெடித்துவிடுகிறான். உடம்பை விலைக்குத் தந்தவன் பெயரைத் தரவில்லை. வாடிக்கையாளரின் கருணையும் எல்லை மீறலாக முடியும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி குறைவு.

எனக்கு ஒரு குறையும் உண்டு. லியோ ரொம்பவும் நல்லவன், ரொம்பவும் அழகு, எப்போதும் பக்குவமாகப் பேசுகிறான். அவனுக்கு அலுப்பு வருகிற ஒரு நாளையும் காட்டியிருக்கலாம்.

இப்படி எடுப்பதே தொழிலை அழகாக்கிக் காட்டுவது ஆகாதா?

அழகாக்கிக் காட்டிய படம் வேண்டுமானால் 1980இல் வந்த ‘அமெரிக்கன் ஜிகோலோ’ இருக்கிறது. ரிச்சர்ட் கெர், அர்மானி சூட், விலை உயர்ந்த கார். அதற்குப் பிறகு ‘சொவாஜ்’ பார்த்தால், அந்தப் பையன் குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடுவதையும் தெருவில் கிடைத்த தண்ணீரைக் குடிப்பதையும் பார்த்தால், யாருக்கும் அந்தத் தொழிலுக்குப் போகத் தோன்றாது.

எனக்கு உறுத்துவது வேறு. அழகாக்குகிறவர்களைவிட, கடைசி ரீலில் அவனைக் கொன்றுவிடுகிறவர்கள்தான் சோம்பேறிகள். தப்புத் தொழில் செய்தான், செத்தான், கணக்கு முடிந்தது என்று பார்க்கிறவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ‘சொவாஜ்’ அந்த நிம்மதியைத் தரவில்லை. வசதியான ஒரு பெரியவர் அவனிடம் பிரியமாக இருக்கிறார், வீடு தருகிறார், கனடாவுக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்கிறார். விமான நிலையம் வரை போய்விட்டு அவன் திரும்பி ஓடிவிடுகிறான்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் நிஜமாகவே கோபம் வந்தது. கனடா விசாவை உதறிவிட்டு ஓடுகிறவனை எந்தச் சென்னைக்காரர் மன்னிப்பார்? ‘லூசு’ என்றார் ஒருவர், ஐஇஎல்டிஎஸ் இரண்டு முறை எழுதியவர். ஆனால் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், பெரியவர் கொடுப்பதும் ஒரு வகை ஒப்பந்தம்தான் என்று தெரியும். இதுவரை மணிக்கணக்கில் விற்றதை இனிமேல் மொத்தமாக விற்க வேண்டும். அவன் ஓடியது சரியா தப்பா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை அந்த ஓட்டம் முழுதாக ஒப்பவில்லை, அதனால்தான் படம் நினைவில் நிற்கிறது.

நம் ஊரில் இதெல்லாம் உண்டா?

உண்டு. எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. சென்னைக்கு இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான், 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடம் எடுத்த ரத்த மாதிரிகளில். அதன் பிறகு 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 1998இல் சுனில் மேனன் தொடங்கிய ‘சகோதரன்’ அமைப்பு, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே சென்னையில் வேலை செய்யத் தொடங்கியது. ஆணுறை, பரிசோதனை, போலீஸ் தொல்லை என்று களத்தில் பேசப்பட்ட விஷயங்கள் எல்லாம் ஆண்களைப் பற்றியவையும்தான்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பாலியல் தொழில் தொடர்பான 1956ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் முதலில் பெண்களையும் சிறுமிகளையும் மட்டும் பற்றிப் பேசியது. 1986 திருத்தத்தில்தான் ஆண் பெண் யாராக இருந்தாலும் என்று ஆனது. வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில் தனியிடத்தில் செய்வதை அந்தச் சட்டம் நேரடியாகக் குற்றம் என்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது, பொது இடத்தில் ஆள் அழைப்பது, இன்னொருவர் சம்பாத்தியத்தில் வாழ்வது ஆகியவை குற்றம். பொது இடத்தில் அழைத்ததற்கு ஓர் ஆண் மாட்டினால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம் வரை சிறை என்று தனியாகவே எழுதியிருக்கிறது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளிகளைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், சோதனை நடக்கும்போது ஊடகங்கள் அவர்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்றது. மறுநாள் காலை பேப்பரில் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறவர்களின் போட்டோவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய மாற்றம்.

‘எஸ்கார்ட் வேலை, நாளைக்கு இவ்வளவு சம்பளம்’ என்று மெசேஜ் வருகிறதே, அது?

மோசடி. முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அப்புறம் அடையாள அட்டைக்கு, அப்புறம் மெடிக்கல் சான்றுக்கு, அப்புறம் ஹோட்டல் புக்கிங்குக்கு. பணம் தீர்ந்ததும் வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டல். வெட்கத்தில் யாரும் புகார் செய்ய மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் முதலீடு. மாட்டிக்கொண்டவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யலாம்.

தமிழில் இப்படி ஒரு படம் ஏன் வரவில்லை?

சென்சார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏ சான்றிதழ் வாங்கினால் தொலைக்காட்சி உரிமை போய்விடும், அது தயாரிப்பாளருக்கு நிஜமான பயம்தான். ஆனால் உடம்பை விற்கிற ஓர் இளைஞனைப் பற்றி, டெல்லியை வைத்து, இந்தியில் ‘பி.ஏ. பாஸ்’ எடுத்து ஏ சான்றிதழோடு 2013இல் தியேட்டரில் ஓட்டினார்களே? (அது அமைதியான படம் இல்லை, கடைசியில் க்ரைம் த்ரில்லராகிவிடும், இருந்தாலும் வந்தது.)

எனக்குத் தோன்றுவது, நம் கதாநாயகன் தன் உடம்பைக் காட்டுவான், விற்க மாட்டான். விற்பது பெண்ணின் வேலை என்று நம் திரைக்கதைகள் முடிவு செய்து வைத்திருக்கின்றன. விற்கிற ஆண் வந்தால் காமெடி டிராக்கில் வருவான், நாலு பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். அமைதியான படம் எடுக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் முதல் பரிசை வாங்கியது, வெயிலில் ஓர் அப்பாவும் பிள்ளையும் நடப்பதுதான் கதை. ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. இரண்டு பெண்களின் காதலை வீட்டு ஹாலில் வைத்துப் பேசிய ‘காதல் என்பது பொதுவுடைமை’ 2025இல் தியேட்டருக்கே வந்துவிட்டது. ஆக, கையும் இருக்கிறது, துணிச்சலும் கொஞ்சம் வந்திருக்கிறது.

எடுக்கிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம் காத்திருக்கிறது. தெருவில் நிற்பதைக் கேமரா காட்டிவிடும். இப்போது காத்திருப்பது பெரும்பாலும் போனில், ஆப்பில். மேன்ஷன் அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஸ்க்ரீனைப் பார்க்கிற ஒருவனை எத்தனை நிமிடம் காட்ட முடியும்? அதற்கு வழி கண்டுபிடிக்கிற இயக்குநருக்காகக் காத்திருக்கிறேன்.

எங்கே பார்ப்பது?

ஓடிடியில் இன்று இருப்பது நாளை இருக்காது, தேடிப் பாருங்கள். டிசம்பரில் நடக்கிற சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவிலும், ‘ரீல் டிசையர்ஸ்’ பால்புதுமையினர் திரைப்பட விழாவிலும் இந்த ரகப் படங்களுக்கு இடம் உண்டு. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார். என்ன செய்வது?

பெரும்பாலும் அது கூச்சச் சிரிப்பு, இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

பேச்சின்போது ஒரே ஒரு வேண்டுகோள். அரங்கில் இந்தத் தொழிலில் இருக்கிறவர், இருந்தவர், அல்லது காசு கொடுத்தவர் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘இவனுங்க’ என்று ஆரம்பிக்கிற வாக்கியம் வேண்டாம். யாரும் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. ‘உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’ என்று யாரையும் கேட்கக் கூடாது, படம் போடுகிற எங்களையும்தான்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் எதில் தொடங்கலாம்?

‘லியோ கிராண்ட்’. 97 நிமிடம், பேச்சு, சிரிப்பு, பயமுறுத்தாது. அடுத்து ‘மிட்நைட் கவ்பாய்’. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் ரேட்டிங்கோடு வெளியாகி ஆஸ்கர் சிறந்த படம் வாங்கிய ஒரே படம் அதுதான், ஜோவும் ராட்சோவும் (டஸ்டின் ஹாஃப்மன்) குளிரில் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டு வாழ்வதைப் பார்த்தால் நட்பைப் பற்றிய படமாகவே மனதில் நிற்கும். மூன்றாவது ‘ஐடஹோ’. நடுநடுவே ஷேக்ஸ்பியர் நாடக வசனம் மாதிரி பேசுவார்கள், ‘நான்காம் ஹென்றி’யிலிருந்து எடுத்தது, புரியாவிட்டால் கவலைப்படாமல் தாண்டுங்கள். ஓட்டலில் உட்கார்ந்து தெருப் பையன்கள் தங்கள் முதல் அனுபவத்தைச் சொல்கிற இடத்தில் மட்டும் காபிக்கு எழுந்துவிடாதீர்கள், அங்கே பேசுகிறவர்களில் நிஜமாகவே தெருவில் இருந்தவர்களும் உண்டு. ‘சொவாஜ்’ கடைசியில், மறுநாள் லீவாக இருக்கிற ராத்திரியில்.

நாலும் பார்த்து முடித்து இன்னும் பொறுமை இருக்கிறவர்கள் ஷான்டால் அக்கர்மனின் ‘ழான் தீல்மன்’ (1975) பக்கம் வரலாம். அதில் ஆண் எஸ்கார்ட் இல்லை, உருளைக்கிழங்கு உரித்து, மகனுக்குச் சமைத்து, மதியத்தில் வாடிக்கையாளரை வரவேற்கிற ஒரு விதவைத் தாய். 201 நிமிடம். மிக்ஸியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.